ஒரு நாள் விட்டு ஒரு நாள்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். அது போதும்.

எடப்பாடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் எனக்கு முதல் நர்ஸ் வேலை. நான் சேலத்தில், அஸ்தம்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த ஊர்ச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தெருவுக்கு நாலு விசைத்தறிப் பட்டறை. விடிந்ததும் ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிற்காது. நான் வாடகைக்குப் பிடித்த மாடி அறைக்கு நேர் கீழேயும் ஒரு பட்டறை இருந்தது. அதில் எட்டுத் தறி. நாலு தறியை ஓட்டியவர் அவர்.

அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருக்கும். சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்று காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அதனால் எதைச் சொன்னாலும் சத்தமாகத்தான் சொல்வார். ரகசியம் பேச அவருக்கு வராது. பொய்யும் வராது.

பொய் வராது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். முந்தானையால் வாயை ஒரு தடவை துடைத்துக்கொள்வார். நிமிர்ந்து எங்கேயோ பார்ப்பார். நடந்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சொல்வார்.

பட்டறைக்காரர் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்தம்மாகிட்ட ஒண்ணு கேக்கறதுன்னா யோசன பண்ணித்தானுங் கேக்கோணும். துணியில ஓட்ட உளுந்திருக்குது, ஆரு தறின்னு பொதுவாத்தான் கேட்டேன். எல்லாருங் கம்முனு நிக்கறாங்க. இது மட்டும், ஏந்தறிதானுங்க, நூலறுந்தத நாம் பாக்கலீங்க, நின்னமானிக்கே தூங்கிப் போட்டனுங்கன்னு சொல்லுது. நான் என்னத்தத் திட்டறது?"

ஒரு பொம்பளை பட்டப்பகலில், அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில், நின்றபடியே தூங்குகிறார் என்றால் உடம்பில் இரத்தம் இல்லை என்று ஒரு நர்ஸுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. நானும் பட்டறைக்காரரோடு சேர்ந்து சிரித்தேன்.

தீபாவளிக்கு வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது, "எப்படிம்மா இருக்கு?" என்று அவரிடம் கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, மேலும் கீழும் பார்த்து, "சேல நல்லா இருக்குதுங்க. உங்களுக்குத்தான் எடுக்கலீங்க" என்றார். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சேலையை அப்புறம் நான் கட்டவே இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் கோபம் அவர்மேல்தான் வந்தது.

அடுத்து நடந்ததைத்தான் நான் மனசில் வைத்துக்கொண்டேன். எங்கள் டாக்டருக்கு இரண்டு ஊர்ப் பொறுப்பு. எங்களிடம் திங்களும் வியாழனும்தான் வருவார். பதிவேட்டில் தினமும் வந்ததாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களிடம், "டாக்டர் தினமும் வர்றாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் வருகிறார் என்று தலையாட்டினார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று அவரும் அன்று வந்திருந்தார். அதிகாரி அவர் முன்னாலும் வந்து அதையே கேட்டார்.

"திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் வருவாருங்க. மத்த நாளு நர்ஸம்மாதான் மாத்தர குடுக்கறாங்க."

கூடம் முழுக்கக் கேட்டது. டாக்டருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, எனக்கும் வந்தது. டாக்டர் பத்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது நடந்து ஐந்தாறு மாதம் கழித்து அவரே நோயாளியாக வந்தார். மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காமல் போகிறது என்றார். சேலத்தில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இரத்த அளவு பத்துக்கு மேல் ஏறி வரட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு ஏழு புள்ளி எட்டுதான் இருந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மூன்று வேளை, ஒரு மாதத்துக்கு. தொண்ணூறு மாத்திரையையும் உறையில் போட்டு நான்தான் கொடுத்தேன்.

"இது போட்டா வயித்துக்கு ஏதாச்சும் பண்ணுங்களா, சிஸ்டர்?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. ஒரு வேளைகூட விடக் கூடாது."

என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியும். மலம் கறுக்கும். சிலருக்கு இறுகும், சிலருக்குப் பேதியாகும். வயிறு எரியும், குமட்டும். சொன்னால் போட மாட்டார்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. பொய் சொல்லத் தெரியாத ஒருவரிடம் மருந்தைப் பற்றி நான் முதலில் சொன்னதே பொய்தான்.

ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. நல்ல கூட்டம். டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு அவர் மாத்திரை ஜன்னலுக்கு வந்தார். பக்கத்தில் மகள், பள்ளிக்கூடச் சீருடையில். பன்னிரண்டு வயதுப் பெண். எல்லோரிடமும் கேட்பதைத்தான் நான் கேட்டேன்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டியாம்மா?"

அவருக்கு முன்னால் அன்று எத்தனையோ பெண்கள் "போட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். போட்டார்களா என்று நானும் யோசித்ததில்லை, அவர்களும் நான் யோசிப்பேன் என்று நினைத்ததில்லை. அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க. மொத நாலு நாளுதான் மூணு வேளையும் போட்டனுங்க. வயித்த முறுக்கி வாந்தி வந்துருச்சுங்க. பட்டறையில கக்கூசு இல்லீங்களே, ஊட்டுக்குத்தான் ஓடோணும். தறிய நிறுத்திப் போட்டு எத்தன வாட்டி ஓடறது? அதுக்கப்பறம் ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஒரு நா உட்டு ஒரு நா. அப்படிப் போட்டா தாங்குதுங்க. மிச்சம் இதுல இருக்குது."

உறையை ஜன்னலில் வைத்தார். ஏமாற்றுகிறவர் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வருவாரா? அது எனக்கு உறைக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"உனக்கு நீயே டாக்டரா? கவர்மெண்ட் மாத்திரைன்னா இளப்பமா? அதிகாரி வந்து கேட்டா மட்டும் வாய் கிழியுது. மாத்திரை போட மட்டும் வாய் திறக்காதா?"

கடைசியில் சொன்னதுதான் என் ஆத்திரம். முன்னால் சொன்னதெல்லாம் அதற்குப் போர்வை. வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினேன்.

"இப்ப என் கண்ணு முன்னாடி போடு."

"வெறும் வயிறுங்க, சிஸ்டர்."

"போடு."

போட்டார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் எழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தார், முடியவில்லை. கூடத்து நடுவிலேயே வாந்தி எடுத்துவிட்டார். துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளியோடு வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"விடுங்க. அவங்களே தொடைக்கட்டும்."

உடம்பில் பாதி இரத்தத்தோடு அவர் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார். ஓரம் விடாமல் துடைத்தார். எழுந்திருக்கும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் ஓடிவந்து தாங்கினாள். அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் இரத்த முடிவு வந்தது. ஒன்பது புள்ளி இரண்டு. ஒரே மாதத்தில் ஏறியிருந்தது. மாதிரி மாறிப்போயிருக்கும் என்று திரும்பப் பார்க்கச் சொன்னேன். அதே அளவுதான் வந்தது. டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"பாத்தீங்களா சிஸ்டர், மூணு வேளை சரியா போட்டா எப்படி ஏறுது!" என்றார் டாக்டர்.

அவர் மூன்று வேளை போடவில்லை, சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் நான் செய்ததையும் சொல்ல வேண்டி வரும். முடிவுச் சீட்டை எடுத்துக் கோப்பில் வைத்தேன். அதற்குப் பிறகும் அந்த ஜன்னலில் எத்தனையோ பெண்களுக்கு மூன்று வேளை என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் போட்டேன் என்று சொன்னார்கள்.

அவர் அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கீழே தறி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் படியிறங்கினால் ஒதுங்கி வழிவிடுவார். ஒரு தடவை மனசு கேட்காமல், "ஏம்மா, ஆஸ்பத்திரிப் பக்கமே காணோம்?" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பயந்துக்கிட்டுத்தானுங்க" என்றார். அதைச் சொன்ன முகத்தில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மறு வருஷம் எனக்கு மாறுதல் வந்தது. சொல்லிக்கொள்ளாமலே ஊரை விட்டுக் கிளம்பினேன்.

வருஷங்கள் ஓடின. கல்யாணம், இரண்டு குழந்தைகள், வேறு வேறு ஊர்கள். சேலத்தில் நர்ஸ்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. வகுப்பெடுத்த டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். இரும்பு மாத்திரை ஒன்று உள்ளே போனதும், மேற்கொண்டு இரும்பை ஏற்றுக்கொள்வதை உடம்பு கொஞ்ச நேரத்துக்குக் குறைத்துக்கொள்கிறதாம். அந்த நேரத்தில் அடுத்ததையும் அதற்கடுத்ததையும் போட்டால், பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் குடலில் கிடந்து தொல்லைதான் பண்ணுமாம். "மூணு வேளை வேண்டாம். நெறையப் பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். தாங்காதவங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தாலும் ஏறும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் டாக்டர் சொல்ற கணக்கை நீங்களா மாத்தாதீங்க. டீ, காப்பி, பாலோட சேர்த்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க. முக்கியமா, வயிறு என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

பக்கத்திலிருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். தறிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடி ஓடித் தன் உடம்பைக் கவனித்து அவர் கண்டுபிடித்ததைத்தான் உள்ளே பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எடப்பாடி பஸ் அங்கிருந்து அடிக்கடி உண்டு. நான் போகவில்லை. லீவு இல்லை, குழந்தைக்குப் பரீட்சை என்று ஏதாவது ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் அவர்தான் வந்தார். நான் அப்போது ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் இருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். இடுப்பு வலியோடு ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். உதடும் நகமும் வெளுத்துக் கிடந்தன. இரத்தம் ஆறு புள்ளி நாலு. கர்ப்பகால அட்டையைப் புரட்டினேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று மாதாமாதம் எழுதியிருந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையே, இரத்தத்தில் வேறு நோயோ என்று கடைசி இரண்டு மாதம் பரிசோதனைக்கு மேல் பரிசோதனையாக அலைய விட்டிருக்கிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நாள்தான் போயிருந்தது.

"அவளுக்கு ரத்தங் கம்மிங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வார்டே திரும்பிப் பார்க்கும் சத்தம்.

திரும்பினேன். அவர்தான். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் முகக்கவசம் போட்டிருந்தேன். அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்க மக மாத்திரை போட்டுச்சுங்களா?"

முந்தானை வாய்க்குப் போனது. "போடலீங்க."

"போட்டதா எழுதியிருக்கே."

"நாந்தானுங்க போட்டேன்னு சொல்லச் சொன்னேன். அவளுக்கும் வயிறு தாங்கலீங்க. நர்ஸம்மாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டா. சொல்லாத சாமின்னு சொல்லிப் போட்டேன்."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நெசத்தச் சொன்னா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியுங்களே."

யாரோ ஒரு நர்ஸிடம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லத் தெரியாதவர், மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான்.

முகக்கவசத்தை அப்போது நான் கழற்றவில்லை. ஆனால் டாக்டரிடம் ஓடினேன். "வேற நோய் இல்ல மேடம். மாத்திரையே போடல. அவங்க அம்மாவே சொன்னாங்க" என்றேன். இரத்தத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். நாலரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பிறந்த பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு மணி நேரம் அந்தப் பெண் பிழைப்பாளா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நான் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பை இரத்தம் ஏறின பிறகுதான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

மூன்றாம் நாள் வராந்தாவில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் போய் முன்னால் நின்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மாடி ஊட்டு சிஸ்டருங்களா?" என்று எழுந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் பண்ணது பெரிய தப்புங்க. நீங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டீங்களே, அதுதான் சரி. அன்னிக்கே உங்க ரத்தம் ஏறியிருந்துச்சு. எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப நாங்களே அப்படித்தான் குடுக்கறோம்."

"அப்படீங்களா" என்றார். பிறகு, "எனக்கு ஆபரேசன் வேற ஆஸ்பத்திரியில பண்ணியாச்சுங்க" என்றார்.

பரவாயில்லை, அதெல்லாம் மறந்து போச்சு என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லாததால் நானே கேட்டுவிட்டேன்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா?"

வாயைத் துடைத்துக்கொண்டார். வராந்தாக் கூரையைப் பார்த்தார். எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் இருந்தது.

"இல்லீங்க" என்றார். "எம் புள்ள பாத்துக்கிட்டு நின்னாளுங்களே."

நான் தலையாட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது நானே மாத்திரையைக் கொடுத்து, டாக்டரம்மாவிடம் கேட்டபடி மகளுக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒன்று. தாங்கவில்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். டீ குடித்தால் ஒரு மணி நேரம் கழித்து. மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டும், புரட்டினால் வந்து சொல்.

நாற்பது நாள் கழித்துக் குழந்தையோடு வந்தார்கள். பின்னால் வரிசை நின்றது. மகளிடம், "மாத்திரை எப்படிப் போட்டே?" என்று கேட்டேன்.

"எல்லாம் போட்டேங்க, சிஸ்டர்" என்றாள், சட்டென்று, சிரித்த முகமாக. அப்போதுதான் வந்த இரத்த முடிவு மேஜைமேல் இருந்தது. பிரசவம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது இருந்த அளவேதான். அவள் அம்மா பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரைக் கேட்காமல் மகள் பக்கமே திரும்பினேன்.

இதுவரை யாரிடமும், என் வீட்டுக்காரரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"என் ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம் எனக்கும் இதே மாத்திரைதான் எழுதினாங்க. பத்து நாள்கூடப் போடல. வயித்தால முடியல. டாக்டர் கேட்டப்ப, எல்லாம் போட்டேன் சார்னு சொன்னேன். மிச்சத்தைக் குப்பையில கொட்டினேன். நர்ஸு நான். அத்தனை பேரைத் திட்டினவ."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. மகள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆறேழுதாங்க போட்டிருப்பேன்" என்றாள்.

"சரி. போட்ட அன்னிக்கு உனக்கு என்ன பண்ணுச்சு? அதச் சொல்லும்மா."

அவள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.